உராய்விலும் பயன் கண்ட அம்மையார்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆய்வுக்கூடத்தில் சாய்தளத்தின்மீது மரக்கட்டையை வைத்து உராய்வுக் குணகம் காணாத இயற்பியல் மாணவர் எவரும் இருக்க முடியாது. உராய்வு என்றாலே நமக்கு இழப்பு என்றுதான் நினைவு வரும். அது ஆற்றலை விழுங்கும்; பொறிகளைத் தேய்க்கும்; எண்ணெய் விட்டு அடக்கப்பட வேண்டியது. ஆனால் உராய்வு மட்டும் இல்லையென்றால் இரயில் என்ஜினின் சக்கரம் தண்டவாளத்தில் நின்ற இடத்திலேயே சுழன்று கொண்டிருக்கும். வார்ப்பட்டை கப்பியின்மேல் வழுக்கிக்கொண்டே போகும். பிடில் வில் தந்தியின்மீது ஓசையின்றி நழுவிப் போகும்.

இதை இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் கூறியிருந்தால் வியப்பில்லை. கூறியவரோ அரசியலும் வரலாறும் கற்ற ஒரு பெண்மணி. 1925ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நியூயார்க் நகரில் தொழில் நிர்வாகிகளுக்காக நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில், தொழிற்சாலைப் பிணக்குகளைப் பற்றிப் பேச வந்தவர் அவர். வயது 56. பிணக்கு என்பதும் ஓர் உராய்வே. பொறியாளன் உராய்வை ஓரிடத்தில் ஒழிக்கிறான், வேறோரிடத்தில் வேலை வாங்குகிறான், நிர்வாகிகள் மட்டும் ஏன் அதைக் கண்டு அஞ்சி ஓடவேண்டும் என்பது அவர் எழுப்பிய வினா. அவரே மேரி பார்க்கர் ஃபாலட் அம்மையார்.

பேச்சுப் போட்டிக்குக் குறிப்பெடுக்க வணிகவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் தந்துதவிய பழைய நூலில்தான் நான் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். போட்டியில் எனக்குப் பரிசு கிட்டவில்லை. நூல் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

அம்மையார் 1868ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை அடுத்த குவின்சி என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் நோயாளி. வீட்டுப் பொறுப்பு மூத்த மகளின் தோளில் விழுந்தது. அக்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதன் பேராசிரியர்களே வந்து பெண்களுக்குத் தனியாகப் பாடம் சொல்ல ஓர் அமைப்பு இருந்தது. 1894இல் அதுவே ராட்கிளிஃப் கல்லூரி ஆயிற்று. அங்கே 1888இல் சேர்ந்த அம்மையார் பட்டம் பெற்றது 1898இல். இடையில் ஓராண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியில் பயின்றார். அங்கும் பெண்கள் படிக்கலாம், ஆனால் முழுப் பட்டம் கிடையாது. அந்தக் கதவு திறக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டத்துக்குப் பத்து ஆண்டுகள்! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்த என்போன்றோர், ஒரு தாளில் தோற்றவுடன் துவண்டு போகும்போது, இந்தக் கணக்கையும் நினைத்துப் பார்க்கலாம்.

பட்டம் பெறுவதற்கு முன்னரே அவர் நூலாசிரியர் ஆகிவிட்டார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அவைத்தலைவர் பதவியைப் பற்றிய அவரது ஆராய்ச்சி நூல் 1896இல் வெளிவந்தது. பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் அதற்கு மதிப்புரை எழுதினார். சட்டப் புத்தகம் காட்டும் அதிகாரத்தோடு நில்லாமல், நடைமுறையில் அதிகாரம் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று முன்னாள் அவைத்தலைவர்களிடமே கேட்டறிந்து எழுதிய நூல் அது. அதிகாரம் என்றால் என்ன என்னும் அந்த வினா இறுதிவரை அவரை விட்டு அகலவில்லை.

இத்தகைய நூலை எழுதியவர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி தேடுவார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் போனதோ பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதிக்கு. குடியேறி வந்த ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம் அது. அங்கே 1900ஆம் ஆண்டிலிருந்து இளைஞர்களுக்கு விவாத மன்றம் நடத்தினார். மாலையானால் பள்ளிக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன, இளைஞர்களோ தெருவில் நிற்கிறார்கள். அந்தக் கட்டடங்களை ஏன் இரவில் திறந்துவிடக் கூடாது என்று கேட்டார். பல ஆண்டுகள் போராடி 1911இல் கிழக்கு பாஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் முதல் சமூக மையத்தைத் திறக்கச் செய்தார். வேலை தேடும் இளைஞர்களுக்கு வழிகாட்டும் நிலையங்களும் அவர் முயற்சியால் எழுந்தன. வேலை வாங்கித் தரும் பணியில் இறங்கியபோதுதான் தொழிற்சாலையின் உள்பக்கம் அவர் கண்ணில் பட்டது.

அந்த உள்பக்கம் அமைதியாக இல்லை. அதே மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரில் பெரிய துணி ஆலைகள் இருந்தன. பெண்களும் சிறுவர்களும் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதை 54 ஆகக் குறைத்து அரசு சட்டம் செய்தது. ஆலைகள் கூலியையும் அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சரியாகக் குறைத்தன. 1912 சனவரியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். பனியில், பட்டினியில், இரண்டு மாதம். இறுதியில் கூலி உயர்வு பெற்றே திரும்பினர். ஏழு ஆண்டுகள் கழித்து பாஸ்டன் நகரக் காவலர்களே வேலை நிறுத்தம் செய்தனர். அதன் முடிவு வேறு. வேலையை விட்டு வெளியேறிய ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரையும் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு முறை ஒரு தரப்பு வென்றது, மறுமுறை மற்றொரு தரப்பு வென்றது. தோற்றவர் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருந்தார்.

லாரன்ஸ் போராட்டம் நடந்த அதே 1912ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் அமெரிக்காவிலேயே முதலாவதான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இயற்றியது. முதலாளிகள் தரப்பு, தொழிலாளர்கள் தரப்பு, பொதுமக்கள் தரப்பு என மூவரும் அமர்ந்து பேசிக் கூலியை வகுக்கும் வாரியங்கள் அதன்கீழ் அமைந்தன. சட்டத்துக்குப் பல் கிடையாது. வகுத்த கூலியைத் தராதவரின் பெயரைச் செய்தித்தாளில் வெளியிடலாம், அவ்வளவே. இத்தகைய வாரியங்களில் பொதுமக்கள் சார்பாக ஃபாலட் அம்மையார் அமர்ந்தார். எதிரெதிரே அமர்ந்த இருவர் பேசப் பேச எங்கே முட்டிக்கொள்கிறார்கள், எங்கே திடீரென்று வழி திறக்கிறது என்பதை அவர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மேசையில் கற்றார். 1918இல் ‘புதிய அரசு’, 1924இல் ‘படைப்பு அனுபவம்’ என்னும் பொருள்படும் தலைப்புகளில் அவர் எழுதிய இரு நூல்களிலும் அந்தப் பாடம் இருக்கிறது. இரண்டாவது நூல் வெளிவந்த பின்னரே நியூயார்க் உரைக்கு அவர் அழைக்கப்பட்டார்.

அன்று அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். பிணக்கு தீர மூன்று வழிகள் உண்டு. ஒருவர் மற்றவரை அடக்கிவிடுவது முதல் வழி. எளிதானது, ஆனால் நிலைக்காது. இருவரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது இரண்டாவது. நாம் சமரசம் என்று புகழ்வது இதைத்தான். அம்மையார் இதைப் புகழவில்லை. விட்டுக்கொடுத்த பகுதி மறைந்துவிடுவதில்லை, வேறொரு வடிவில் மீண்டும் வரும் என்றார். மூன்றாவதை அவர் ஒன்றிணைப்பு என்றார். இருவர் விருப்பமும் குறையாமல் இடம்பெறும்படி, இருவருமே முன்பு நினைத்திராத புதுவழி ஒன்றைக் காண்பது அது.

அதற்கு அவர் காட்டிய உதாரணம் மிகச் சிறியது. ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார். அம்மையாருக்கோ அது மூடியிருக்க வேண்டும். பாதி திறந்தால் அது சமரசம், இருவருக்கும் நிறைவில்லை. அவர்கள் ஆளில்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள். அம்மையாருக்கு வேண்டாதது காற்றன்று, வாடைக்காற்று நேரே தம்மீது வீசுவதே. மற்றவருக்கு வேண்டியதும் அந்தச் சன்னலன்று, அறைக்குக் காற்று. கோரிக்கைகள் மோதின, தேவைகள் மோதவில்லை.

இந்தச் சன்னல் கதை பின்னாளில் மிகப் பெரும்புகழ் பெற்றது. 1981இல் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் பேச்சுவார்த்தைக் கலையைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் விற்றது. அதிலும் இக்கதை உண்டு. ஆனால் அங்கே சண்டையிடுவோர் இரண்டு ஆண்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஒரு நூலகர் வருகிறார். அம்மையாரின் கதையில் நூலகர் இல்லை. சண்டையிட்ட இருவரே வழி கண்டார்கள். இது சிறு மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் ஆள் வந்துதான் தீர்க்க வேண்டும் என்பது ஒரு கொள்கை. முட்டிக்கொண்டவர்களுக்கே அந்தத் திறம் வரும், வரவழைக்க வேண்டும் என்பது வேறொரு கொள்கை. ஃபாலட் இரண்டாவதைச் சேர்ந்தவர்.

இன்னொரு உதாரணம் நம் ஊர்ப் பால் சங்கத்தில் நடந்ததுபோலவே இருக்கும். மலைச்சரிவில் இருந்த பால் நிலையத்தில் யார் முதலில் கேன்களை இறக்குவது என்று மேலிருந்து வருவோருக்கும் கீழிருந்து வருவோருக்கும் தகராறு. கூட்டுறவுச் சங்கமே உடையும் நிலை. மேலா, கீழா என்ற இரண்டு சுவர்களுக்குள்ளேயே எல்லாரும் முட்டிக்கொண்டிருந்தபோது, ஆலோசனை சொல்ல வந்தவர், மேடையை இடம் மாற்றிப் போட்டால் இரு தரப்பும் ஒரே நேரத்தில் இறக்கலாமே என்றார். தகராறு தீர்ந்தது.

எல்லாப் பிணக்கும் இப்படித் தீரும் என்று அவர் ஏமாற்றவில்லை. ஒரே பெண்ணை இரண்டு ஆண்கள் மணக்க விரும்பினால் அங்கே ஒன்றிணைப்பு ஏது? பரம்பரை வீட்டில் தானே குடியிருக்க வேண்டும் என்று இரண்டு பிள்ளைகளும் கேட்டால்? இவை அவரே சொன்ன உதாரணங்கள். இரண்டாவதற்கு நம் நீதிமன்றங்களில் சாட்சி தேட வேண்டியதில்லை.

நான் மிகவும் ஊன்றிப் படித்தது பயிற்சியைப் பற்றிய பகுதியை. ஒன்றிணைப்புக்குத் தடைகள் பல என்கிறார் அவர். வெல்வதில் நாம் காணும் இன்பம் ஒரு தடை. பிணக்கை மேலும் கிளறும் சொற்கள் ஒரு தடை. தலைவர்கள் தம் செல்வாக்கால் இழுத்துச் செல்வது ஒரு தடை. யாவற்றிலும் பெரியது நமக்கு அதில் பயிற்சியே இல்லாமை. கணக்கும் தச்சும் கற்பிக்கிறோம், சேர்ந்து சிந்திக்கக் கற்பிப்பதில்லை. நிர்வாகிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் இதில் முறையான வகுப்புகள் வேண்டும் என்றார். வேறுபாட்டை மறைக்காமல் மேசைமேல் வைக்கப் பழக வேண்டும். பெரிய கோரிக்கையைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள உண்மைத் தேவையைத் தேடப் பழக வேண்டும். மாணவ நண்பர்களே, விவாத மன்றத்தில் தொண்டைத் தொடங்கிய இதே அம்மையார்தான் 1918ஆம் ஆண்டு நூலில் விவாதத்தைக் குறை சொன்னார். விவாதம் வெல்லக் கற்பிக்கிறது, காணக் கற்பிப்பதில்லை என்பது அவர் கருத்து. பேச்சுப் போட்டிக்கு உதவும் என்று வாங்கிய புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நாணமும் வந்தது.

கட்டளையிடுவதைப் பற்றியும் அவர் தனியாகச் சிந்தித்தார். மேலாளர் ஆள் என்ற முறையில் ஆணையிடுவதும், தொழிலாளி ஆள் என்ற முறையில் பணிவதும் பிணக்கின் விதை. இருவரும் சேர்ந்து வேலையின் நிலைமையை ஆராய்ந்து, அது என்ன கேட்கிறதோ அதைச் செய்ய வேண்டும். இதற்குச் சூழ்நிலையின் விதி என்று பெயரிட்டார். ஒருவர்மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, ஒருவரோடு சேர்ந்து வளர்க்கும் அதிகாரம் வேறு என்ற புகழ்பெற்ற பாகுபாடும் அவருடையதே.

முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த தோழி இசபெல் பிரிக்ஸ் 1926இல் மறைந்தது அவரை வாட்டியது. பின்னர் சில ஆண்டுகள் இலண்டனில் வாழ்ந்து, 1933இல் இலண்டன் பொருளியல் கல்லூரியில் உரைகள் நிகழ்த்தினார். அதே ஆண்டு பாஸ்டன் திரும்பியவர் டிசம்பர் 18ஆம் நாள் காலமானார். உரைகள் 1941இல் நூலாயின. என் கையிலிருப்பது அந்நூலின் மறுபதிப்பே. அதன்பின் நெடுங்காலம் அவரை அமெரிக்கா மறந்திருந்தது. ஆயினும் 1974இல் கென்னத் தாமசும் ரால்ஃப் கில்மனும் பிணக்கைக் கையாளும் ஐந்து முறைகளை வகுத்து, முப்பது இணை வினாக்கள் கொண்ட தாளைத் தயாரித்தபோது, அடக்குதல், சமரசம், கூடி வழி காணுதல் ஆகிய மூன்றும் அதில் அமர்ந்தன. விலகி நிற்றல், பணிந்து போதல் என்ற இரண்டும் சேர்ந்தன. நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் வழங்கப்படும் தாள் அது. அதை நிரப்பினால் நீங்கள் எந்த வகை மனிதர் என்று சொல்லிவிடும். அம்மையார் அதை ஏற்றிருப்பாரா என்பது எனக்கு ஐயமே. மனிதரின் குணத்தை அல்ல, நிலைமையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் அவர்.

இனி என் வீட்டுக் கதை சிறிது. என் தந்தையார் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பார்க்கும் தொழிலாளி. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஓர் ஆள் பார்க்க வேண்டிய ஃபிரேம்களை நிர்வாகம் கூட்டியது. இருபத்து மூன்று நாள் வேலை நிறுத்தம். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. இறுதியில் சமரசம்: கூட்டியதில் பாதி நிற்கும், பாதி போகும். மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே விட்ட பாதி வேறு பெயரில் திரும்பி வந்தது. ஃபாலட் அம்மையார் சொன்னதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஒருநாள் இரவு ஷிப்டு முடிந்து வந்த அப்பாவுக்குச் சன்னல் கதையைச் சொன்னேன். சோறு தின்றுகொண்டே கேட்டார். முதலில் சிரித்தார். அவர் வேலை செய்யும் பகுதியில் சன்னலைத் திறக்கவே கூடாது. காற்றின் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துவிடும். வெக்கையும் பஞ்சுத் தூசியும் ஆளுக்கு, ஈரம் நூலுக்கு என்றார். நான் விடவில்லை. அங்கேயும் வேண்டியது சன்னலன்று, மூச்சுவிடக் காற்றுதானே; ஈரம் குறையாமல் காற்றை வடிகட்டி உள்ளே செலுத்தும் பொறிகள் உண்டே, அது இருவர் தேவையையும் தீர்க்குமே என்றேன். இருக்கிறது, பழுதாகிக் கிடக்கிறது, சரிசெய்யச் சொல்லிச் சங்கம் கேட்கலாம்தான், இதுவரை கூலியை மட்டுமே கேட்டுவிட்டோம் என்று அவர் ஒப்புக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கை கழுவி வந்தபின் அவர் ஒன்று கேட்டார். நூலகத்தில் அடுத்த அறையில் ஆள் இல்லை, சரி, ஆள் இருந்திருந்தால்?

வாடைக்காற்று அவர்மேல் வீசியிருக்கும் என்றேன்.

நிர்வாகமும் நிரந்தரத் தொழிலாளர்களும் ஒத்துப்போன ஒவ்வொரு முறையும் அந்தச் சுமை ஒப்பந்தக் கூலிப் பிள்ளைகளின்மேல் இறங்கியதை அப்பா எனக்குச் சொன்னார். அவர்கள் வெளியூரிலிருந்து வந்து ஆலை விடுதியில் தங்கியிருப்பவர்கள், சங்கத்தில் இல்லை, பேச்சுவார்த்தை மேசையிலும் இல்லை. சென்ற ஒப்பந்தத்தில் இரவு ஷிப்டை அப்பா வயதுக்காரர்களுக்குக் குறைத்தார்கள். இரு தரப்புக்கும் முழு நிறைவு. இரவு முழுவதும் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓடுவது இப்போது என் வயதுப் பெண்கள்.

மாசச்சூசெட்ஸ் கூலி வாரியத்தில் மூன்றாவது நாற்காலி ஒன்று இருந்ததையும், அதில் அம்மையார் அமர்ந்திருந்ததையும் மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். எங்கள் ஆலையில் அந்த நாற்காலியை எங்கே போடுவது என்று கேட்டார். வரும் மாதம் புதிய ஒப்பந்தப் பேச்சு தொடங்குகிறது. சங்கத்தின் சார்பில் செல்லும் ஐவரில் அப்பாவும் ஒருவர். விடுதிப் பிள்ளைகளில் இருவரையாவது உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவர் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். இதுவரை ஆதரித்தவர் ஒருவர்.